வேகம் அளக்கிற பெட்டியும் என் லாரி பல்பும்

நான் செய்து வைத்தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். பெருமை அடிக்கிறான் என்று சொல்கிறவர்கள் அதற்குப் பிறகு சொல்லட்டும்.

ரப்பர் பாலை உறையவைத்து ஷீட்டாக அடிக்கிற உருளை இயந்திரம், நாற்பத்தொன்று. பேச்சிப்பாறைக்கு மேலே இருக்கிற தோட்டங்களில் போய்ப் பாருங்கள், என் உருளை போட்ட வரியோடு ஷீட்டுகள் புகைக்கூட்டில் தொங்கும். இனயத்து மீன்பிடி வள்ளங்களுக்குக் கடைந்து கொடுத்த புரொப்பல்லர் ஷாஃப்டுகளை நான் எண்ணவே இல்லை. சிதறாலுக்குப் போகிற வழியில் ஒரு செங்கல் சூளைக்கு மண் பிசைகிற இயந்திரம். ஆறு மாதமாக அடிக்காமல் தொங்கிய ஒரு கோயில் மணிக்குப் புது அச்சு. அச்சுப் போட்ட மறுநாள் காலையில் மணி அடித்ததும், யாரோ செத்துப்போனார்கள் என்று நினைத்துப் பாதி ஊர் வெளியே வந்துவிட்டது. அவ்வளவு நாளாக அந்தச் சத்தத்தை மறந்திருந்தார்கள்.

இதையெல்லாம் செய்தவன் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். என் முதல் லேத்து, அதாவது கடைசல் இயந்திரம், அடிப்படுகை வெடித்துப்போய் பழைய இரும்புக் கடையில் கிடந்தது. இதில் ஊசிகூடக் கடைய முடியாது என்றார்கள். நான் வெடிப்பைத் தையல் போடுவதுபோல இரும்புப் பட்டை வைத்து இழுத்துப் பிடித்து, கருங்கல் சந்தைக்குப் பக்கத்தில் ஓலைக் கொட்டகை போட்டு அதிலேயே பதினெட்டு வருஷம் கடைந்தேன். எனக்குச் சொல்லித்தர ஒரு ஆளும் கிடையாது. கெட்டுப்போன சாமான்தான் எனக்கு வாத்தியார்.

இந்த வரிசையில் கடைசியாக ஒன்று இருக்கிறது. சொன்னால் சிரிப்பு வரும். இரண்டு லாரி பல்பு, ஒரு பேட்டரி, வெள்ளை மண்ணெண்ணெய் கேனை வெட்டி எடுத்த ஒரு துண்டு. மேலே சொன்ன எல்லாவற்றுக்கும் 'அவன் செய்தது' என்று சொல்ல ஆள் இருக்கிறது. இது ஒன்றுக்கு மட்டும் இன்னொருத்தன் பெயரைச் சொல்கிறார்கள். அந்த இன்னொருத்தன் என் மனைவியின் தம்பி, என் மச்சினன். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

எங்கள் பக்கத்தில் ஏர் ரைபிள் கிளப் ஒன்று உண்டு. பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்த ஒருவர், மூடிக் கிடந்த முந்திரி ஆலைக் கொட்டகையை வாடகைக்குப் பிடித்து ஆரம்பித்தது. வெடிமருந்து ஒன்றும் இல்லாத துப்பாக்கி. உள்ளே ஒரு ஸ்பிரிங், ஒரு பிஸ்டன். ஸ்பிரிங் பிஸ்டனைத் தள்ள, பிஸ்டன் காற்றைத் தள்ள, காற்று பயறு மணி அளவுள்ள ஈயக்குண்டைத் தள்ளும். பத்து மீட்டர் தள்ளி ஒரு காகித அட்டை. அதன் நடுப்பொட்டில் அடிக்க வேண்டும். கிளப்பில் ஆறு துப்பாக்கி இருந்தது. ஸ்பிரிங் தளர்ந்தாலும் காற்று ஒழுகாமல் பிஸ்டனை அடைக்கிற தோல் வாஷர் காய்ந்தாலும் என்னிடம்தான் வரும். எருமைத்தோலை வெட்டி, அச்சில் வைத்து அழுத்தி, கிண்ணம்போல வாஷர் செய்து போடுவேன். கடையில் வாங்குகிற வாஷரைவிட ஒரு வருஷம் கூடுதலாக உழைக்கும். ஆறு துப்பாக்கிக்கும் வைத்தியர் நான் ஒருவன்தான். அந்தப் பெருமை எனக்கு எவ்வளவு என்று கேட்டால், ஞாயிற்றுக்கிழமை வேறு வேலை ஏற்க மாட்டேன், அவ்வளவு.

இரண்டாயிரத்துப் பத்து, பதினொன்று வாக்கில் கிளப் பிள்ளைகள் ஒரு போட்டிக்குப் போய்க் கடைசியாக வந்தார்கள். ஒரே பிள்ளை, ஒரே துப்பாக்கி. ஒரு குண்டு மேலே ஏறுகிறது, அடுத்தது கீழே இறங்குகிறது. அங்கே இருந்த வெளியூர்ப் பயிற்சியாளர் ஒருவர், "பிள்ளைகள்மேல் தப்பு இல்லை. குண்டெல்லாம் ஒரே வேகத்தில் போகிறதா என்று முதலில் அளந்து பாருங்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். பட்டாளத்தார் திரும்பி வந்து இதை எல்லோர் முன்னாலும் வைத்தபோது ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதும் ஒரு பார்வைதானே. வேகம் பிசகினால் அது ஸ்பிரிங்கும் வாஷரும் செய்கிற பிசகு. அதாவது நான் செய்கிற பிசகு.

குண்டின் வேகம் அளக்க ஒரு கருவி இருக்கிறது, குரோனோகிராஃப் என்று பெயர் என்பதை அன்றைக்குச் சொன்னவன் என் மச்சினன்.

அவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாலிடெக்னிக் படித்தவன். வளைகுடாவில் பதினாறு வருஷம் எண்ணெய்க் கம்பெனியில் மீட்டர்களைப் பார்க்கிற வேலை. திரும்பி வந்து வீடு கட்டி, சட்டைப் பையில் இரண்டு பேனா வைத்துக்கொண்டு நடந்தான். கிளப்பில் சேர்ந்து மூன்று மாதம் ஆகவில்லை, பட்டாளத்தார் எழுந்து நாற்காலி போட்டுக் கொடுக்கிறார். நான் ஒன்பது வருஷமாக அங்கே ஸ்டூலில் உட்கார்ந்தவன். வீட்டிலும் அதே கதை. அவன் சாப்பிட வருகிறான் என்றால் விலை கூடின நெய்மீன் வரும். நடுத்துண்டு அவன் தட்டுக்குப் போகும். மற்ற நாளெல்லாம் எனக்குச் சாளை மீனும் மரச்சீனிக் கிழங்கும்.

"ஏட்டி, நெய்மீன் இண்ணைக்குத்தான் கடல்ல பிடிபட்டுதோ?" என்று ஒருநாள் மனைவியிடம் கேட்டேன்.

"எந்தம்பி பதினாறு வருசம் மணல்ல கெடந்தவன். நீங்க தெனமும் இஞ்ச கெடக்கியளே, ஒங்களுக்கு என்ன?" என்றாள்.

இங்கே கிடக்கிறவனுக்கு மதிப்பு கிடையாது. அதை அன்றைக்கே தெரிந்துகொண்டேன்.

மச்சினன் பிரவுசிங் சென்டரில் போய்ப் படம் படமாக அச்செடுத்துக்கொண்டு வந்தான். மேசையில் பரப்பி வைத்து ஒவ்வொன்றாகச் சொன்னான். ரேடார் வைத்தது ஒன்று. அது ஒரு ஸ்கூட்டர் விலை, அதை அவனே ஒதுக்கிவிட்டான். துப்பாக்கிக் குழலின் முனையில் மாட்டுகிற சின்னது ஒன்று. எங்கள் ஆறு துப்பாக்கியில் நான்கின் முனைக்கு அது பொருந்தாது. அதை நான்தான் படத்தைப் பார்த்ததும் சொன்னேன், அவன் தலையாட்டிக்கொண்டான். மிச்சம் இரண்டு. ஒன்றுக்கு இரண்டு கண் இருக்கும், ஒரு அடி இடைவெளியில். மேலே வானத்து வெளிச்சம் விழ வேண்டும். குண்டு முதல் கண்ணுக்கு மேலே போகும்போது நிழல் விழும், இரண்டாவது கண்ணுக்கு மேலே போகும்போது நிழல் விழும், நடுவில் எத்தனை நேரம் என்று பார்த்து வேகத்தைச் சொல்லிவிடும். இன்னொன்றுக்கும் இரண்டு கண்தான். ஆனால் அதற்குச் சொந்தமாக விளக்கு உள்ளேயே இருக்கும், மூடின பெட்டி மாதிரி. விலை முதலாவதைப்போல இரண்டரை மடங்கு.

"நம்ம கிளப்புக்கு மொதலாவது போதும். எல்லாரும் வாங்கக்கூடியது இதுதான். நல்ல ரிவியூ இருக்கு," என்றான் மச்சினன்.

எனக்கு உடனே இரண்டாவதுதான் வேண்டும் என்று இருந்தது. உள்ளதைச் சொல்லுகிறேன். அவன் இரண்டாவதைச் சொல்லியிருந்தால் நான் முதலாவதைப் பிடித்திருப்பேன். ஆனால் அது மட்டும் காரணம் இல்லை. ஒரு ஷாஃப்ட் நேராக இருக்கிறதா என்று பார்க்க, அதன்மேல் இரும்பு ஸ்கேலை வைத்து இடுக்கில் வெளிச்சம் ஒழுகுகிறதா என்று பார்ப்போம். அப்போது நான் ஜன்னல் வெளிச்சத்தை நம்ப மாட்டேன். மேகம் நகர்ந்தால் கண் ஏமாறும். கையில் ஒரு பல்பைப் பிடித்துக்கொண்டுதான் பார்ப்பேன்.

"அளக்கதுக்கு வெளிச்சம் வேணும்னா அந்த வெளிச்சம் நம்ம கையில இருக்கணும். வானத்த நம்பி எதுக்கு அளக்க? வெளக்கு உள்ளத வாங்குங்க," என்றேன்.

"அத்தான், இது ஒங்க லேத்து இல்ல. எலக்ட்ரானிக்ஸ்," என்றான் மச்சினன்.

"எலக்ட்ரானிக்ஸ் ஒனக்குத் தெரியும். வெளிச்சம் எனக்குத் தெரியும், கேட்டியா?"

எல்லோரும் சிரித்தார்கள். பட்டாளத்தார், "அண்ணாச்சி, கையில உள்ளதுக்குத் தக்கதானே வாங்க முடியும்" என்று முடித்துவைத்தார். முதலாவது பெட்டியையே மஸ்கட்டிலிருந்து வருகிற மச்சினனின் சிநேகிதன் ஒருவன் வாங்கிவருவதாக ஏற்பாடு.

அந்தப் பெட்டி வந்து சேர ஒன்றரை மாதம் ஆனது. அதற்குள் நான் சும்மா இருக்கவில்லை. மஸ்கட்டில் இருந்து ஒரு பெட்டி வந்துதான் என் துப்பாக்கியின் வேகத்தை எனக்குச் சொல்ல வேண்டுமா என்று ஒரு எரிச்சல். இனயத்து வள்ளம் ஒன்றிலிருந்து கழற்றின பழைய ஷாஃப்டை நான்கடி நீளத்துக்கு வெட்டினேன். இரண்டு பக்கமும் பேரிங் வைத்துத் தாங்கி நிறுத்தினேன். தினசரிக் காலண்டரின் பின்னட்டையை வட்டமாக வெட்டி, சரியாக மூன்றடி இடைவெளியில் இரண்டு தட்டாக மாட்டினேன். பழைய கிரைண்டர் மோட்டாரும் ஒரு பெல்ட்டும் வைத்து சுற்றவிட்டேன். வள்ளத்து எஞ்சினுக்குச் சுற்று எண்ணுகிற கைமீட்டர் ஒன்று என்னிடம் உண்டு. அதை வைத்துப் பார்த்து, நிமிஷத்துக்கு ஆயிரத்து இருநூறு சுற்றுக்குக் கொண்டுவந்தேன்.

இதில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். குண்டு முதல் அட்டையைத் துளைத்துவிட்டு இரண்டாவதைப் போய்ச் சேருவதற்குள் ஷாஃப்ட் கொஞ்சம் திரும்பிவிடும். அதனால் இரண்டு ஓட்டையும் நேருக்கு நேர் வராது. எவ்வளவு விலகியிருக்கிறதோ அதுதான் குண்டு எடுத்துக்கொண்ட நேரம். நொடிக்கு இருபது சுற்று, ஒரு சுற்றுக்கு முந்நூற்று அறுபது டிகிரி, ஆக நொடிக்கு ஏழாயிரத்து இருநூறு டிகிரி. ஓட்டை நாற்பத்திரண்டு டிகிரி விலகினால் குண்டு நொடிக்கு ஐந்நூற்றுப் பதினாலு அடி போகிறது. இந்தக் கணக்கைச் சிமென்ட் தரையில் சாக்பீஸால் இரண்டு நாள் போட்டேன். ஐந்தாம் வகுப்பு வகுத்தல்தான். அது போதும், ஆனால் விடாமல் போட வேண்டும்.

கிளப்பின் முதல் துப்பாக்கியைக் கொண்டுவந்து சுட்டுப் பார்த்தேன். நாற்பத்திரண்டு வந்தது. மறுபடியும் நாற்பத்திரண்டு. உடம்பெல்லாம் ஒரு சுகம். யாரிடமும் சொல்லவில்லை. பெட்டி வரட்டும், அது என்ன சொல்கிறது பார்ப்போம் என்று வைத்துக்கொண்டேன்.

பெட்டி வந்தது. சோற்றுப் பாத்திரம் அளவு, ஒன்பது வோல்ட் பேட்டரி ஒன்று, மேலே இரண்டு வெள்ளைக் குடை மாதிரி. மச்சினன் தன் வீட்டு முற்றத்தில், நல்ல மத்தியான வெளிச்சத்தில் கேமரா ஸ்டாண்டில் மாட்டினான். அதே முதல் துப்பாக்கியில் பத்துக் குண்டு சுட்டான். ஐந்நூற்றுப் பன்னிரண்டு, பதினைந்து, பத்து, பதினாலு என்று கண்ணை மூடித் திறப்பதற்குள் எண் விழுகிறது. எனக்கு ஒரு வேகம் சொல்ல அரைமணி நேரம் ஆகும். அட்டையைக் கழற்றி, பாகைமானி வைத்து, தரையில் கணக்குப் போட்டு. அந்தப் பெட்டிமேலேயே எனக்குப் பொறாமை வந்தது என்றால் நம்புவீர்களா? உயிர் இல்லாத சாமான்மேல்.

என் காலண்டர் அட்டை சொன்னதும் பெட்டி சொன்னதும் ஒன்றுதான் என்பதை நான் அங்கே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வந்திருந்த கிளப்காரர்கள் எல்லோரும் அவன் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

இப்போது என் தப்பைச் சொல்ல வேண்டிய இடம்.

பெட்டி வந்துவிட்டது, இனி எல்லாத் துப்பாக்கியையும் அளப்பார்கள் என்று ஆறுக்கும் புது வாஷர் போட்டேன். வாஷர் தோலை எண்ணெயில் ஊறவைக்க வேண்டும். ஐந்துக்கும் தையல் மிஷின் எண்ணெயில் கொஞ்சமாக ஊறவைத்தேன். ஆறாவதுக்கு எண்ணெய் தீர்ந்துபோனது. வள்ளத்துப் பலகை வெடிக்காமல் இருக்க எங்கள் கடற்கரையில் மீனெண்ணெய் பூசுவார்கள். உப்புத்தண்ணீரில் வருஷக்கணக்காகக் கிடக்கிற பலகையைக் காக்கிற எண்ணெய் இந்தத் தோலைக் காக்காதா என்று நினைத்து, ஷெட்டில் கிடந்த மீனெண்ணெயில் ஆறாவது வாஷரைத் தாராளமாக முக்கி எடுத்துப் போட்டேன்.

அடுத்த ஞாயிறு மழை. முற்றத்தில் அளக்க முடியாது என்று பெட்டியைக் கொட்டகைக்குள் சுடுகிற மேசைக்கு முன்னால் வைத்தார்கள். தலைக்கு மேலே வரிசையாக டியூப்லைட். மச்சினன் முதல் துப்பாக்கியைச் சுட்டான். ஐந்நூற்றுப் பன்னிரண்டு. அடுத்தது எண்ணூற்று நாற்பத்தேழு. அதற்கடுத்தது நானூற்று முப்பது. பிறகு ஒன்றுமே காட்டவில்லை. பிறகு அறுநூற்றொன்று. இரண்டாவது துப்பாக்கியும் அப்படித்தான், மூன்றாவதும் அப்படித்தான். நான்காவது, ஐந்தாவதிலும் மாற்றம் இல்லை.

கடைசியாக ஆறாவதை எடுத்தான். படீர் என்று ஒரு சத்தம், குழல் வாயில் வெள்ளையாகப் புகை. அதோடு ஒரு வாசம்.

"இதென்ன, சாளை பொரிக்க மணம் அடிக்குது?" என்றார் பட்டாளத்தார் மூக்கைச் சுளித்துக்கொண்டு.

மச்சினன் குழலை மோந்து பார்த்தான். "அத்தான், மீனெண்ணெயா போட்டிய? உள்ள அழுத்தத்துல எண்ணெய் தீப்பிடிக்கும். இது துப்பாக்கியா, தோசைக்கல்லா?"

கொட்டகை முழுவதும் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. "அண்ணாச்சி, அடுத்த வாரம் கொழம்பும் வச்சிருவோம்" என்று பின்னாலிருந்து ஒரு குரல். நானும் சிரித்தேன். வேறு என்ன செய்ய?

முற்றத்தில் சரியாக இருந்த துப்பாக்கி, நான் வாஷர் மாற்றினபிறகு கெட்டுவிட்டது. கண்ணால் பார்த்தவர்களுக்கு வேறு என்ன தோன்றும்? எனக்கே அப்படித்தான் தோன்றியது. பட்டாளத்தார் என் தோளில் கைபோட்டு ஓரமாகக் கூட்டிக்கொண்டு போய், "ரெண்டு வாரம் பாப்போம். சரியாகலேன்னா ஆறையும் திருவனந்தபுரத்துக்கு அனுப்பி வெளிநாட்டு வாஷர் போட்டிருவோம். இனி நீங்க அதுல கைவச்சு கஷ்டப்படாண்டாம், அண்ணாச்சி" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். ஒன்பது வருஷத்தை அந்த மரியாதையில் மடித்துக் கட்டி என் கையில் கொடுத்துவிட்டார்.

அன்றைக்கு மத்தியானம் என் வீட்டில் நெய்மீன். நான் கிழங்கை மட்டும் சாப்பிட்டுவிட்டு எழுந்துபோனேன்.

அடுத்த ஞாயிறு என் காலண்டர் அட்டை இயந்திரத்தை ஒரு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். முதல் துப்பாக்கியைப் பத்து முறை சுட்டு, ஒவ்வொரு ஓட்டைக்கும் பக்கத்தில் நம்பர் எழுதி, அளந்து காட்டினேன். பத்தும் நாற்பத்தொன்றுக்கும் நாற்பத்துமூன்றுக்கும் நடுவில். பெட்டி சொல்கிறமாதிரி எண்ணூறும் நானூறுமாக ஓடியிருந்தால் ஒரு ஓட்டை இருபத்தைந்திலும் இன்னொன்று ஐம்பதிலும் விழுந்திருக்க வேண்டாமா என்று கேட்டேன்.

மச்சினன் அட்டையைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "ஐடியா நல்ல ஐடியாதான் அத்தான். ஆனா ஒரு டிகிரி தப்பினா பன்னெண்டு அடி தப்பும். பெல்ட் வழுக்கும். இத வச்சு அத எப்பிடிக் கொறை சொல்ல?"

அவன் சொன்ன பன்னிரண்டு அடி கணக்கு சரி. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நான் இரண்டு நாள் தரையில் போட்ட கணக்கை அவன் நின்றபடி மனதில் போட்டுவிட்டான். என் அட்டையில் அந்த வருஷத்து நல்லநேரம், ராகுகாலம் எல்லாம் அச்சடித்திருந்தது. அதைப் படித்து இரண்டு பேர் சிரித்துக்கொண்டிருந்தார்கள். யாரும் என் ஓட்டைகளைப் பார்க்கவில்லை.

மிச்சம் ஒரு வாரம். கொட்டகையின் பூட்டு நான் செய்து கொடுத்தது, ஒரு சாவி என்னிடம் உண்டு. புதன்கிழமை மத்தியானம் தனியாகப் போனேன். மழை விட்டு வெயில் அடித்தது. கூரையில் ஐந்தாறு கண்ணாடி ஓடு இருந்ததால் மேசைமேல் நல்ல வெளிச்சம். ஆனாலும் பழக்கத்தில் எல்லா டியூப்லைட்டையும் போட்டேன். பெட்டியையும், அங்கேயே விட்டுவந்திருந்த என் அட்டைத் தட்டுகளையும் ஒரே வரிசையில் நிறுத்தினேன். ஒரே குண்டு இரண்டையும் கடந்து போகும், எது பொய் சொல்கிறது பார்ப்போம் என்று. பெட்டி எழுநூறு என்றது. அட்டை நாற்பத்திரண்டு என்றது. பெட்டி முந்நூற்றுத் தொண்ணூறு என்றது. அட்டை நாற்பத்திரண்டு.

அப்போது கரண்ட் போனது. அந்த வருஷங்களில் கரண்ட் போவதற்கு நேரம் காலம் கிடையாது. டியூப்லைட் அணைந்தது, என் தட்டு மெல்ல மெல்லச் சுற்றி நின்றது. பெட்டிக்கு மட்டும் பேட்டரி இருந்ததால் அது விழித்துக்கொண்டு இருந்தது. பார், என்னுடையதுதான் கரண்டுக்கு அழுகிறது, அவனுடையது அழவில்லை என்று ஒரு வயிற்றெரிச்சல். அந்த எரிச்சலில், தட்டை நகர்த்திவிட்டு, பெட்டிக்கு மேலே சும்மா ஒரு குண்டு விட்டேன்.

ஐந்நூற்றுப் பதின்மூன்று.

இன்னொன்று. ஐந்நூற்றுப் பதினொன்று. இன்னொன்று, பதினாலு. நான் துப்பாக்கியை மேசையில் வைத்துவிட்டு நின்றேன். ஒன்றுமே மாற்றவில்லை. துப்பாக்கி அதேதான், வாஷர் அதேதான், குண்டும் அதே டப்பாவில் உள்ளதுதான். மாறினது ஒன்றுதான். நிமிர்ந்து மேலே பார்த்தேன். டியூப்லைட்.

கரண்ட் வரும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். வந்ததும் லைட்டோடு சுட்டேன்: எண்ணூற்று இருபது. ஸ்விட்சை அணைத்துச் சுட்டேன்: ஐந்நூற்றுப் பன்னிரண்டு. போட்டேன், அணைத்தேன், போட்டேன், அணைத்தேன். ஐம்பது குண்டு தீர்ந்தது. ஐந்து துப்பாக்கிக்கும் லைட்டை அணைத்தால் பெட்டி சரியாகச் சொன்னது. ஆறாவது மட்டும் லைட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் படீர் படீர் என்று ஏறி இறங்கியது. அது என் மீனெண்ணெய். அது என் தப்பு, எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். ஆனால் ஆறில் ஐந்து என் வேலை சரி.

டியூப்லைட் ஏன் அப்படிச் செய்கிறது என்று எனக்குத் தெரியாது. அது செய்கிறது என்று தெரியும். அன்றைக்கு இந்த ஜில்லாவிலேயே அது தெரிந்த ஒரே ஆள் நான்தான்.

அங்கேதான் நான் ஒரு மடத்தனம் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை வரை வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டும். சந்தோஷம் தாங்காமல், அன்று சாயங்காலம் வீட்டுக்குச் சாயா குடிக்க வந்த மச்சினனிடம் சொல்லிவிட்டேன்.

"மக்கா, ஒன் பெட்டிக்கு டியூப்லைட்டு ஆகாது. அணைச்சிட்டுச் சுட்டுப் பாரு."

அவன் கிளாஸை உதட்டுக்குக் கொண்டுபோனவன் அப்படியே நிறுத்திவிட்டான். கிளாஸைக் கீழே வைத்தான். பிறகு, "அத்தான், சாவி தாருங்க" என்றான். கொடுத்தேன். போய்ச் சுட்டுப் பார்த்துவிட்டு வந்தவன், "சரிதான்" என்று ஒரு வார்த்தை சொன்னான். அந்த ஒரு வார்த்தைக்காக அன்றைக்கு நான் அவனை மன்னித்துவிட்டேன். நெய்மீன் உட்பட.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மச்சினன் கரும்பலகை கொண்டுவரச் சொன்னான். டியூப்லைட் நாம் பார்ப்பதுபோல நின்று எரிவதில்லை, நொடிக்கு நூறு தடவை கூடிக் குறைகிறது, அந்தப் பெட்டியின் கண் அந்தக் குறைவைக் குண்டின் நிழல் என்று நினைத்துக்கொள்கிறது என்று அலை அலையாகப் படம் போட்டான். அழகாகத்தான் சொன்னான். எனக்கே அன்றைக்குத்தான் புரிந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். கைதட்டல் அடங்கின பிறகு, பேனாவைப் பையில் செருகிக்கொண்டே, "இதுல அத்தானும் ஒரு சின்ன ஹெல்ப் பண்ணுனாரு" என்றான்.

சின்ன ஹெல்ப்.

கண்டுபிடித்தவனுக்கு அது, விளக்கிச் சொன்னவனுக்குக் கைதட்டல். எனக்கு நூறு தடவை என்ற கணக்குத் தெரியாது. ஆனால் அந்தக் கணக்கு அவன் தலைக்குள்ளே பாலிடெக்னிக் காலத்திலிருந்து இருந்தும், எண்ணூற்று நாற்பத்தேழு வந்தபோது அவன் மேலே பார்க்கவில்லையே. என் வாஷரைத்தான் பார்த்தான்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். "ஒங்க பேரையும் சொன்னாம்லா, பின்ன என்ன?" என்றாள். அவளிடம் பேசிப் பயன் இல்லை.

துப்பாக்கிகள் திருவனந்தபுரம் போகவில்லை. மீனெண்ணெய் வாஷரைக் கழற்றி எறிந்து புதிது போட்டேன். அதுவும் ஐந்நூற்றுப் பத்துக்கு வந்து நின்றது. ஆனால் வேலை அதோடு முடியவில்லை. எங்கள் பக்கத்தில் பாதி வருஷம் மழை. லைட்டை அணைத்தால் கொட்டகை இருட்டு, போட்டால் பெட்டி உளறுகிறது. விளக்கு உள்ள பெட்டியை வாங்கியிருந்தால் இந்தத் தொல்லையே இல்லை என்று நான் வாய்திறந்து சொல்லவில்லை. முகத்தில் எழுதி ஒட்டியிருந்திருக்கும். நான் செய்தது இதுதான்: இரண்டு லாரி பல்பை எடுத்து, பேட்டரியில் கொடுத்தேன். பேட்டரி வெளிச்சம் கூடிக் குறையாது, நின்று எரியும். பல்பின் முகம் கண்ணில் குத்தாமல் வெளிச்சம் பரவ வேண்டும் என்று வெள்ளை மண்ணெண்ணெய் கேனை வெட்டி, தேய்த்து மெல்லியதாக்கி, பெட்டிக்கு மேலே பந்தல்மாதிரி வளைத்துக் கட்டினேன். சுட்டோம். ஐந்நூற்றுப் பன்னிரண்டு, பதின்மூன்று, பதினொன்று. கையில் உள்ளதுக்கு வாங்கின பெட்டி, என் பல்புக்குக் கீழே இரண்டரை மடங்கு பெட்டியாகிவிட்டது. ஆறையும் அதில் அளந்து ஒரே வேகத்தில் வைத்துக்கொண்ட பிறகு, அடுத்த போட்டியில் எங்கள் பிள்ளைகள் கடைசியாக வரவில்லை.

பிறகு சில வருஷம் கழித்து கிளப் ஆண்டுவிழாவுக்கு மலர் போட்டார்கள். பளபளப்பான காகிதம். நடுப்பக்கத்தில் மச்சினன், இஸ்திரி போட்ட சட்டையோடு, பெட்டிமேல் கைவைத்துச் சிரித்துக்கொண்டு நிற்கிறான். கீழே, 'வேகம் அளக்கும் கருவியைத் தேர்ந்தெடுத்து, விளக்கொளிக் கோளாறைக் கண்டறிந்து சரிசெய்தவர்' என்று அவன் பெயர். அந்தப் படத்தை நன்றாகப் பாருங்கள். அவன் முகம் அவ்வளவு தெளிவாக விழுந்திருக்கிறதே, அது யார் வெளிச்சம்? அவன் தலைக்கு மேலே எரிகிறது என் பல்பு.

அதே வாசகத்தை இப்போது கொட்டகைச் சுவரில் பலகையாகவும் எழுதி மாட்டியிருக்கிறார்கள். பட்டாளத்தாரிடம் இரண்டுதடவை கேட்டுவிட்டேன். "குடும்பத்துக்குள்ள உள்ளதுதானே அண்ணாச்சி" என்று சிரிக்கிறார். குடும்பத்துக்குள் உள்ளது என்றால் இரண்டு பெயரையும் எழுதுவதில் என்ன கஷ்டம்?

ஆகவே கிளப்காரர்களுக்கு இதை எழுத்திலேயே சொல்லுகிறேன். மச்சினன் பெயரை அழிக்க வேண்டாம். பெட்டியைத் தேர்ந்தெடுத்தவன் அவன்தான், அது அவனுக்கு இருக்கட்டும். 'கண்டறிந்து சரிசெய்தவர்' என்ற இரண்டு வார்த்தையை மட்டும் அங்கிருந்து எடுத்துக் கீழே கொண்டுவர வேண்டும். கீழே இடம் இல்லை என்று சொல்லக் கூடாது. நான் டேப் வைத்து அளந்துவிட்டேன், மூன்றேகால் இஞ்ச் காலியாகக் கிடக்கிறது. அதில் 'டியூப்லைட் கோளாறைக் கண்டுபிடித்தவரும் விளக்குச் செய்து கொடுத்தவரும்' என்று போட்டு, என் பெயர். அவன் பெயரின் எழுத்து எத்தனை உயரமோ அத்தனை உயரம், ஒரு நூல் குறையக் கூடாது. மீனெண்ணெய்க் கதையையும் சேர்த்து எழுதினாலும் எனக்கு மறுப்பு இல்லை. 'சின்ன ஹெல்ப்' என்று மட்டும் எழுதினால், சாவி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அன்றைக்கே வந்து இரண்டு பல்பையும் கழற்றிக்கொண்டு போவேன்.